வி-கிராஸ் வண்டியின் முன்பக்கத்தை உயர்த்த ஸ்பேசர்: 50 மி.மீ. வேண்டுமா, 15 மி.மீ. போதுமா?

நொய்யல்கரை

அனைவருக்கும் வணக்கம். தொண்டாமுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்கள் தோப்பு இருக்கிறது. அங்கு போய்வருவதற்காக 2018-இல் வாங்கிய இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் பிக்கப் வண்டியைத்தான் இன்றுவரை ஓட்டிவருகிறேன். வாங்கிய நாளிலிருந்தே ஒன்று கண்ணை உறுத்துகிறது. சமதளத்தில் நிறுத்திப் பக்கவாட்டில் நின்று பார்த்தால், வண்டி முன்பக்கம் குனிந்தும் பின்பக்கம் நிமிர்ந்தும் நிற்கிறது. தோற்றம் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்வேன். ஆனால் தோப்புக்குள் ஓடைக்கரை ஏறும் இடத்தில் முன் பம்பரின் அடிவிளிம்பு ஒவ்வொரு முறையும் மண்ணில் உரசுகிறது. மழைக்காலத்துக்குப் பிறகு அந்தக் கரை இன்னும் செங்குத்தாகிவிட்டது.

சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை அளந்து பார்த்தேன். முன் இடது 498 மி.மீ., முன் வலது 494 மி.மீ., பின்பக்கம் இரண்டும் 546 மி.மீ. அதாவது முன்பக்கம் ஏறக்குறைய 50 மி.மீ. குறைவாக இருக்கிறது.

நகரில் உள்ள ஒரு கடையில் கேட்டதற்கு, ஒரு பக்கத்துக்கு 50 மி.மீ. கனமுள்ள அலுமினிய ஸ்பேசரை (இடைத்துண்டை) ஷாக் அப்சார்பரின் தலைக்கு மேல் வைத்தால் வண்டி சமமாகிவிடும் என்றும், அரை நாள் வேலை என்றும், வீல் அலைன்மென்ட்கூடத் தேவைப்படாது என்றும் சொன்னார்கள். பணம் கட்டுவதற்கு முன்பு இங்கே கேட்டுவிடலாம் என்று தோன்றியது. இதே வேலையைச் செய்தவர்கள், செய்து பிறகு கழற்றியவர்கள், இருவருமே தயவுசெய்து எழுதுங்கள்.

பட்டறைவாசி

தம்பி, பணம் கட்டுவதற்கு முன்பு கேட்டீர்களே, அது நல்லது. அந்த 50 மி.மீ. ஸ்பேசரை வைத்திருந்தால் உங்கள் வண்டி 50 மி.மீ. உயர்ந்திருக்காது, ஏறத்தாழ 85 மி.மீ. உயர்ந்திருக்கும். கடைக்காரர் ஸ்பேசரின் கனமும் வண்டி உயரும் அளவும் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். முன் அச்சு ஒரே தண்டாக இருந்து, அதன்மேல் ஸ்பிரிங் நேராக உட்காரும் பழைய அமைப்பில் அது சரி. அங்கே 25 வைத்தால் 25 உயரும். உங்கள் வண்டியில் முன்பக்கம் ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலும் கீழும் இரண்டு ஆர்ம்கள் (சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கைகள்) கொண்ட தனித்த சஸ்பென்ஷன். ஷாக் அப்சார்பரின் அடி, லோயர் ஆர்மின் நடுப்பகுதியில் ஒரு போல்ட்டில் நிற்கிறது. சக்கரமோ அந்த ஆர்மின் நுனியில் இருக்கிறது.

கிணற்றில் ஏற்றம் இறைத்ததைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். தண்டின்மேல் நிற்பவர் அச்சுக்குப் பக்கத்தில் இரண்டடி நகர்ந்து மிதித்தால் நுனியில் சால் பல அடி ஏறி இறங்கும். அதேபோல, ஷாக் அப்சார்பரின் இடத்தில் ஒரு மி.மீ. தள்ளினால் சக்கரத்தின் இடத்தில் ஒன்றரை மி.மீட்டருக்கும் மேல் நகரும். இந்த விகிதத்தை நீங்களே அளந்துவிடலாம். லோயர் ஆர்ம் சேஸிசில் மாட்டியிருக்கும் புஷ்ஷின் மையத்திலிருந்து ஷாக் அப்சார்பரின் அடிப்போல்ட் வரை ஒரு நீளம், அதே புஷ்ஷிலிருந்து சக்கரத்தின் பக்கம் உள்ள பால் ஜாயின்ட் மையம் வரை இன்னொரு நீளம். எடுத்துக்காட்டாக, முதலாவது 260, இரண்டாவது 420 என்று வைத்துக்கொள்ளுங்கள், வகுத்தால் 1.6 கிடைக்கும். ஷாக் அப்சார்பர் செங்குத்தாக நிற்காமல் உள்பக்கம் சாய்ந்திருப்பதால் விகிதம் இன்னும் கொஞ்சம் கூடும். 20 டிகிரி சாய்வு என்றால் 1.7 என்று கொள்ளலாம். உங்கள் வண்டியை நீங்கள் அளந்து எழுதுங்கள். அடுத்தவர் வண்டியின் எண்ணை நம்பி ஸ்பேசர் கடையவேண்டாம்.

இரண்டாவது, நீங்கள் அளந்த முறை. மட்கார்டின் வளைவை முன்னும் பின்னும் ஒரே உயரத்தில்தான் வெட்டியிருக்கிறார்கள் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. சமமாக நிற்கும் வண்டியில்கூட அந்த இரண்டு அளவுகளும் வேறுபடலாம். கதவுக்குக் கீழே படிக்கட்டு மாட்டும் விளிம்பு இருக்கிறதல்லவா, அதன் முன் நுனிக்கும் பின் நுனிக்கும் தரையிலிருந்து உயரத்தை அளந்து பாருங்கள். சேஸிஸ் நேராக ஓடும் இடத்தில் அளந்தால் இன்னும் நல்லது. தரை சமம்தானா என்பதை முதலில் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். நான்கு டயர்களிலும் காற்றைச் சரியாக வையுங்கள். டீசல் டேங்க் எவ்வளவு நிரம்பியிருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதுதான் மிக முக்கியமானது. ஸ்பேசர் எதுவாக இருந்தாலும் அது சக்கரத்துக்குக் கூடுதல் அசைவைத் தருவதில்லை. இருக்கும் அசைவை இடம் மாற்றுகிறது, அவ்வளவுதான். ஷாக் அப்சார்பரின் தலைக்கு மேல் வைக்கும் ஸ்பேசர், ஸ்பிரிங்கைத் தொடுவதில்லை. அதனால் ஓட்டும்போது மென்மை மாறாது, வேலையும் எளிது. ஆனால் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது நிறுவனம் நினைத்த இடத்தைவிடக் கீழே போய்விடும். அந்தக் கூடுதல் கோணத்தை, ஆக்சில் கோணத்தில் இருக்கும்போதும் சக்கரத்தைச் சுழலவைக்கும் சி.வி. ஜாயின்டும் மேல் பால் ஜாயின்டும்தான் சுமக்கவேண்டும். இரண்டாவது வகை, ஸ்பிரிங்குக்கும் அதன் மேல் தட்டுக்கும் இடையில் வைப்பது. அதில் சக்கரத்தின் கீழ் எல்லை மாறாது. ஜாயின்டுகளுக்குக் கூடுதல் கோணம் வராது. ஆனால் நிற்கும் நிலையிலேயே ஷாக் அப்சார்பர் அதிகம் நீண்டிருப்பதால், பள்ளத்தில் சக்கரம் இறங்குவதற்கு மிச்சம் இருக்கும் தூரம் குறைந்துவிடும். வேகத்தடை தாண்டும்போதெல்லாம் முன்பக்கத்தில் ‘டக்’ என்று ஓர் அடி கேட்கும். அந்த வேலைக்கு ஸ்பிரிங்கை இறுக்கிப் பிடித்துக் கழற்றவேண்டும். அதற்கான கருவியும் பழக்கமும் இல்லாதவர்கள் அதில் கைவைக்கவே கூடாது. இறுக்கத்தில் இருக்கும் ஸ்பிரிங் தெறித்தால் உயிரே போகும்.

மலைத்தடம்

பட்டறைவாசி அண்ணா சொன்ன கூடுதல் கோணத்தின் விலையை நான் கொடுத்தேன், அதனால் எழுதுகிறேன். என் வண்டியும் இதே வகைதான். தலைக்கு மேல் வைக்கும் 35 மி.மீ. ஸ்பேசர் போட்டேன். முன்பக்கம் 60 மி.மீ. உயர்ந்தது. பார்ப்பதற்கு மிக அழகாக இருந்தது என்பதை மறைக்கமாட்டேன். முதல் ஆறு மாதம் எந்தக் குறையும் தெரியவில்லை.

அதன்பிறகு ஒரு நாள் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போனேன். திரும்பி வந்து வண்டியைக் கழுவும்போது, வலது முன் சக்கரத்தின் உள்பக்கம் முழுவதும் கருப்பு கிரீஸ் தெறித்திருப்பதைப் பார்த்தேன். சி.வி. ஜாயின்டின் ரப்பர் உறை, மடிப்புகள் ஒன்றோடொன்று உரசும் இடத்தில் வட்டமாக அறுந்திருந்தது. எவ்வளவு நாளாக அப்படி ஓடியது என்று தெரியாது. உள்ளே மணல் போய்விட்டதால் உறையை மட்டும் மாற்றிப் பயனில்லை என்று சொல்லி, முழு ஆக்சிலையும் மாற்றினார்கள். ஸ்பேசருக்குக் கொடுத்ததைப்போலப் பல மடங்கு செலவு.

அதோடு முடியவில்லை. வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டுப் பார்த்தபோது, அப்பர் ஆர்ம் ஸ்பிரிங்கின் மேல் சுற்றில் உரசிய தடம் இரண்டு பக்கமும் பளபளவென்று தெரிந்தது. பள்ளத்தில் ஒரு சக்கரம் தொங்கும்போதெல்லாம் இரும்பும் இரும்பும் மோதியிருக்கின்றன. நான் அந்தச் சத்தத்தைக் கல் தெறிக்கும் சத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த உயரம் வேண்டும் என்றால், இரண்டு ஆக்சில்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலைக் கீழே இறக்கும் துண்டுகளும் வேறு அப்பர் ஆர்ம்களும் சேர்த்துப் போடவேண்டும் என்று பிறகுதான் அறிந்தேன். அந்தச் செலவில் உயரத்துக்கு ஏற்ற ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் புதிதாகவே வாங்கிவிடலாம். இப்போது நான் அந்த 35-ஐக் கழற்றிவிட்டேன்.

நொய்யல்கரை

இருவருக்கும் மிக்க நன்றி. ஐயா சொன்னபடி மறுபடியும் அளந்தேன். கதிரடிக்கும் சிமென்ட் களத்தில் ரசமட்டம் வைத்துப் பார்த்து, அது சமம் என்று உறுதிசெய்துகொண்டு நிறுத்தினேன். கதவுக்குக் கீழுள்ள விளிம்பில் 1,900 மி.மீ. இடைவெளியில் இரண்டு இடங்களைக் குறித்து அளந்ததில், முன்னால் உள்ள இடம் 22 மி.மீ. தாழ்வாக இருக்கிறது. இரண்டு அச்சுகளுக்கும் இடையிலான நீளம் 3,095 மி.மீ. என்பதால், அந்தக் கணக்கை நீட்டினால் முன் அச்சில் 36 மி.மீ. தாழ்வு என்று வருகிறது. மட்கார்டை வைத்து நான் சொன்ன 50 தவறுதான்.

லோயர் ஆர்மின் விகிதத்தையும் அளந்தேன். அடியில் படுத்துக்கொண்டு அளந்ததால் சில மி.மீ. பிழை இருக்கலாம், சாய்வையும் சேர்த்து 1.7-க்கு அருகில்தான் வருகிறது. இனி இரண்டு கேள்விகள். 36 மி.மீ. முழுவதையும் உயர்த்திவிடலாமா? உள்ளூரில் எனக்குத் தெரிந்த ஒரு லேத் பட்டறை இருக்கிறது. அங்கேயே ஸ்பேசரைக் கடைந்துகொள்ளலாமா?

தேயிலைச்சாலை

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காய்கறி ஏற்றிப் போகும் வண்டி என்னுடையது. உங்கள் கண்ணை உறுத்தும் அந்தக் குனிவு பிழை அல்ல. அது சுமைக்காக வைத்த இடம். பின்பக்கம் கமான் பட்டை. காலியாக இருக்கும்போது அது நிமிர்ந்து நிற்கும். கேரட் மூட்டைகளை அடுக்கியதும் பின்பக்கம் இறங்கி வண்டி சமமாகிவிடும். காலியாக இருக்கும்போதே சமமாக்கிவிட்டால், மூட்டை ஏற்றியதும் வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

அப்படி நிற்கும் வண்டியை மலையிறக்கத்தில் ஓட்டிப் பார்த்தவன் நான். என் உறவினர் ஒருவரின் வண்டியில் முன்பக்கத்தை முழுவதும் சமமாக்கியிருந்தார்கள். சுமையோடு கொடுத்தார். ஸ்டியரிங் கையில் இலேசாக, பிடிப்பில்லாமல் இருந்தது. வளைவிலிருந்து வெளியே வந்ததும் சக்கரங்கள் தாமாக நேருக்குத் திரும்பவில்லை, நானே திருப்பவேண்டியிருந்தது. இரவில் எதிரே வந்த ஒவ்வொரு வண்டியும் விளக்கை அடித்து அடித்துக் காட்டியது. முகப்பு விளக்கு அவர்களின் கண்ணில் பட்டிருக்கிறது.

நீங்கள் தோப்பு வைத்திருப்பவர். தேங்காயோ உரமோ ஏற்றாமலா இருக்கப்போகிறீர்கள்? நீங்கள் வழக்கமாக ஏற்றும் சுமையை ஏற்றிவிட்டு அதே விளிம்பை இன்னொரு முறை அளந்து பாருங்கள். எவ்வளவு குனிவை மிச்சம் வைக்கவேண்டும் என்பதை அந்த அளவே சொல்லிவிடும்.

பட்டறைவாசி

தேயிலைச்சாலை சொன்னதைவிடத் தெளிவாக நான் சொல்லியிருக்க முடியாது. விளக்கைப் பற்றி ஒரு கணக்கை மட்டும் சேர்க்கிறேன். 3,095 மி.மீ. நீளத்தில் முன்பக்கம் 25 மி.மீ. உயர்ந்தால், 25 மீட்டர் தொலைவில் விளக்கின் ஒளி 20 செ.மீ. மேலே ஏறிவிடும், 50 மீட்டரில் 40 செ.மீ. காரின் உள்ளே உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கு அது போதும். ஆகவே சிறிய ஸ்பேசர் போட்டாலும் விளக்கைத் தாழ்த்தாமல் இரவில் சாலையில் இறங்காதீர்கள். வேலைக்கு முன்பே சுவர் முன் நிறுத்தி, ஒளியின் மேல் விளிம்பைச் சுண்ணாம்பால் குறித்து வைத்துக்கொண்டால் பிறகு அதே கோட்டுக்குக் கொண்டுவருவது எளிது.

அளவைப் பொறுத்தவரை என் கருத்து இது. 36-இல் 25 மட்டும் உயர்த்துங்கள், 11 மி.மீ. குனிவு இருக்கட்டும். 25-ஐ 1.7-ஆல் வகுத்தால் 14.7, ஆகவே 15 மி.மீ. ஸ்பேசர். கடைக்காரர் சொன்ன 50 எங்கே, இது எங்கே என்று பாருங்கள். சி.வி. ஜாயின்டின் கோணத்தையும் கணக்கிடலாம். ஒரு பக்கச் சக்கரத்துக்குப் போகும் ஆக்சிலில் இரண்டு ஜாயின்டுகளுக்கும் இடையில் 40 செ.மீ. என்று கொண்டால், 25 மி.மீ. இறக்கம் ஏறத்தாழ மூன்றரை டிகிரியைக் கூட்டுகிறது. 85 மி.மீ. இறக்கம் 12 டிகிரியைக் கூட்டும். முன்னதை அந்த ஜாயின்ட் தாங்கும் என்று நம்பலாம். பின்னதைத் தாங்கும் என்று நான் யாருக்கும் உறுதி தரமாட்டேன்.

லேத்தில் கடைவதில் தவறில்லை. கோவையில் அதற்குக் கைதேர்ந்தவர்களுக்குப் பஞ்சமா? ஆனால் வார்ப்பு அலுமினியம் வேண்டாம். அது விரிசல் விடும். உருட்டிய அலுமினியக் கட்டியிலிருந்து கடையச் சொல்லுங்கள். இரண்டு முகங்களும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கவேண்டும், கால் மி.மீ. கோணல் இருந்தாலும் ஷாக் அப்சார்பரின் தண்டு ஒரு பக்கமாக அழுந்தி அதன் எண்ணெய்த் தடுப்பு கசியத் தொடங்கும். அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் ஒன்றோடொன்று உட்கார்ந்தால் வெள்ளைப் பொடி பூத்து அரிக்கும் என்பதால், வைப்பதற்கு முன் இரண்டு முகங்களிலும் மெல்லிய கிரீஸோ பெயின்டோ தடவுங்கள். கடற்கரை ஊர்களில் இதை விடவே கூடாது.

ஷாக் அப்சார்பரின் மேல் தட்டில் உள்ள ஸ்டட்டுகள் (மரைத் தண்டுகள்) விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 15 மி.மீ. கனத்துக்குப் பழைய ஸ்டட்டுகளின் நீளம் போதாது. நீள நட்டுகளைப் போட்டு ஒட்டுப்போடும் வழக்கம் ஒன்று இருக்கிறது, அதைச் செய்யாதீர்கள். அதே அளவு, அதே மரை, 10.9 தரம் கொண்ட நீளமான ஸ்டட்டுகளை வாங்கி மேல் தட்டில் அழுத்திப் பொருத்தவேண்டும்.

சக்கரம் மேலே ஏறும் எல்லையையும் பார்த்துவிடுங்கள். லோயர் ஆர்மை நிறுத்தும் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் கட்டை சேஸிசில் இருக்கும் வண்டிகளில், தலைக்கு மேல் ஸ்பேசர் வைத்ததும் ஷாக் அப்சார்பர் 15 மி.மீ. முன்னதாகவே தன் அடியைத் தொட்டுவிடக்கூடும். ஆர்ம் ரப்பரைத் தொடும்போது ஷாக் அப்சார்பரில் இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று அளக்கவேண்டும். இல்லையென்றால் பம்ப் ஸ்டாப்பையும் அதே விகிதத்தில் கீழ்நோக்கி நீட்டுங்கள்.

கடலோரம்

என்னிடம் இருப்பது 2020-இல் வந்த புதிய மஹிந்திரா தார். இந்தக் கணக்கு அதற்கும் பொருந்துமா?

பட்டறைவாசி

பொருந்தும். புதிய தாரின் முன்பக்கமும் இரண்டு ஆர்ம்கள் கொண்ட தனித்த அமைப்புதான், ஆகவே ஸ்பேசரின் கனத்தைவிட உயரம் கூடும். விகிதத்தை உங்கள் வண்டியில் அளந்துகொள்ளுங்கள். பழைய டாடா சஃபாரிபோல முன்பக்கம் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாக டார்ஷன் பார் (முறுக்குத் தண்டு) உள்ள வண்டிகளுக்கு மட்டும் ஸ்பேசரே தேவையில்லை. அங்கே சரிசெய்யும் போல்ட்டைத் திருகினாலே முன்பக்கம் உயரும். ஆனால் ஜாயின்டுகளின் கோணம், அலைன்மென்ட், விளக்கு ஆகிய மூன்றும் அங்கேயும் மாறும்.

சட்டக்குறிப்பு

இடையில் ஒன்று சொல்ல அனுமதியுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவைக் கண்டிப்பாகவே விளக்கியது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம் சேர்த்த 182ஏ பிரிவில், அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று இருக்கிறது. 15 மி.மீ. துண்டு சான்றிதழில் உள்ள எந்த விவரத்தையும் மாற்றவில்லை என்று வாதிட இடம் உண்டு. ஆனால் அது வாதம்தான்; முன்கூட்டியே கிடைத்த அனுமதி அல்ல. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வாளர் சஸ்பென்ஷனைப் பார்ப்பார் என்பதால், மாற்றத்தைக் காப்பீட்டாளருக்கு எழுத்தில் தெரிவித்துப் பதிலை வாங்கி வைத்துக்கொள்வதே நல்லது. வாரண்டி மிச்சம் இருப்பவர்கள் அதன் நிபந்தனைகளையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

நொய்யல்கரை

காப்பீட்டாளருக்குக் கடிதம் எழுதிப் பதில் வந்த பிறகு, நேற்று வேலையை முடித்தோம். என் சித்தப்பா மகனும், சஸ்பென்ஷன் வேலையில் பழகிய ஒரு மெக்கானிக்கும் உடன் இருந்தார்கள். பிறகு செய்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, சேஸிசின் அடியில் இரண்டு பக்கமும் ஸ்டாண்டு வைத்து இறக்கினோம். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகவில்லை. இடது, வலது ஆர்ம்களை இணைக்கும் ஸ்டெபிலைசர் பாரின் இணைப்பை முதலில் இடது பக்கம் மட்டும் கழற்றினோம். அந்தப் பார் முறுக்கிக்கொண்டு ஆர்மைக் கீழே இறங்கவிடவில்லை; இரண்டு பக்கமும் கழற்றிய பிறகுதான் இலேசாயிற்று. பிரேக் ஹோஸையும் ஏ.பி.எஸ். வயரையும் அவற்றின் பிடிப்புகளிலிருந்து விடுவித்து, ஹப்பின் எடை எதன்மீதும் தொங்காதபடி கயிற்றால் மேலே கட்டிவைத்தோம். அப்பர் ஆர்மின் பால் ஜாயின்டைப் பிரிப்பதற்குத்தான் அதிக நேரம் ஆனது. சுத்தியலால் அடிக்காமல் இழுக்கும் கருவியைப் பயன்படுத்தியதால் அதன் ரப்பர் கிழியாமல் தப்பியது.

மேலே மூன்று நட்டுகள் சுற்றியும் ஒன்று நடுவிலும் இருக்கும். நடுவில் இருப்பதுதான் ஸ்பிரிங்கின் இறுக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மெக்கானிக் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே அதன்மேல் சிவப்பு பெயின்ட் அடித்துவிட்டார், யாருடைய கையும் தவறிப் போகக்கூடாது என்று. அந்தப் பழக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. சுற்றியுள்ள மூன்றையும் கழற்றி, அடிப்போல்ட்டையும் எடுத்ததும் முழுத் தொகுப்பும் கைக்கு வந்துவிட்டது. புதிய ஸ்டட்டுகளைப் பொருத்தி, 15 மி.மீ. துண்டை கிரீஸ் தடவி வைத்து, மறுபடியும் ஏற்றினோம். இடது பக்கத்துக்கு மூன்று மணி நேரம், பழகிவிட்டதால் வலது பக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம்.

சக்கரத்தை மாட்டுவதற்கு முன்பு, முழுவதும் தொங்கவிட்ட நிலையில் ஆக்சிலைக் கையால் சுற்றிப் பார்த்தோம். எங்கும் பிடிக்கவில்லை. அப்பர் ஆர்முக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையில் என் சுண்டுவிரல் தாராளமாக நுழைகிறது. பிறகு ஸ்பிரிங் இல்லாமல் கழற்றிவைத்த பழைய ஷாக் அப்சார்பர் ஒன்றை, மேலே அதே 15 மி.மீ. துண்டோடு மாட்டி, லோயர் ஆர்மை ஜாக்கியால் பம்ப் ஸ்டாப் வரை ஏற்றினோம். அதில் இன்னும் 12 மி.மீ. மிச்சம் இருந்தது. எல்லா நட்டுகளையும் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கி, சக்கரத்தை மாட்டிக் கீழே இறக்கினோம்.

முன்பக்கம் இடது 524, வலது 520. அதாவது இரண்டு பக்கமும் சரியாக 26 மி.மீ. உயர்ந்திருக்கின்றன. ஐயாவின் கணக்கு ஒரு மி.மீட்டர்தான் தவறியது. நாளை அலைன்மென்ட்.

பட்டறைவாசி

நடு நட்டுக்குப் பெயின்ட் அடித்த மெக்கானிக்கை என் சார்பில் பாராட்டுங்கள். ஆனால் ஒன்றைக் கவனித்தேன், தம்பி. எல்லா நட்டுகளையும் இறுக்கிய பிறகு சக்கரத்தை மாட்டிக் கீழே இறக்கினோம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஷாக் அப்சார்பரின் அடிப்போல்ட்டும், கழற்றியிருந்தால் ஆர்ம்களின் உட்புற போல்ட்டுகளும் ரப்பர் புஷ்ஷின் நடுக்குழாயை இறுக்கிப் பிடிப்பவை. சக்கரம் தொங்கும்போது அவற்றை இறுக்கினால், ரப்பர் அந்த நிலையையே தன் ஓய்வு நிலையாக எடுத்துக்கொள்ளும். வண்டி தரையில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அது முறுக்கிய நிலையில் இருக்கும். சில ஆயிரம் கிலோமீட்டரில் கிழிந்துவிடும். அலைன்மென்டுக்குப் போவதற்கு முன்பு, வண்டி நான்கு சக்கரத்தில் நிற்கும்போது அந்தப் போல்ட்டுகளைத் தளர்த்தி, முன்பக்கத்தை இரண்டு மூன்று முறை அழுத்திக் குலுக்கிவிட்டு, அதன்பிறகு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். அரை மணி நேர வேலைதான், ஆனால் தவறவிடாதீர்கள்.

மேலே உள்ள மூன்று நட்டுகளையும் 100 கிலோமீட்டரில் ஒருமுறை, 500-இல் ஒருமுறை சரிபாருங்கள். வலது பக்கம் 4 மி.மீ. தாழ்வாக இருப்பதை ஸ்பேசரின் கனத்தை மாற்றிச் சரிசெய்ய நினைக்கவேண்டாம். அது முன்பே இருந்த வேறுபாடு. ஓட்டுநர் உட்காரும் பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருப்பது பல வண்டிகளில் உள்ளதுதான்.

நொய்யல்கரை

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் அன்று மாலையே அடிப்போல்ட்டுகளைத் தளர்த்தினோம். தளர்த்திய நொடியில் வண்டியின் முன்பக்கம் ஒரு சிறிய ஒலியோடு இறங்கியதை நாங்கள் மூவரும் பார்த்தோம். அளந்தால் 2 மி.மீ. குறைந்திருந்தது. அந்த 2 மி.மீட்டரை ஸ்பிரிங் தாங்கவில்லை, முறுக்கிய ரப்பர் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

அலைன்மென்டில் கேஸ்டர் (ஸ்டியரிங் அச்சின் முன்பின் சாய்வு) இரண்டு பக்கமும் ஏறத்தாழ அரை டிகிரி குறைந்திருந்தது, காம்பர் (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு) கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது, டோ (சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) முழுவதுமே எல்லைக்கு வெளியே போயிருந்தது. அலைன்மென்ட் தேவையில்லை என்று சொன்ன கடையை நம்பியிருந்தால் முன் டயர்கள் ஒரு பருவத்துக்குள் தேய்ந்திருக்கும். மூன்றையும் நிறுவனம் குறித்த எல்லைக்குள் கொண்டுவர முடிந்தது. கேஸ்டரை எல்லைக்குள் முடிந்தவரை அதிகமாக வைக்கச் சொன்னேன். முகப்பு விளக்கைச் சுண்ணாம்புக் கோட்டுக்கு இறக்கியாயிற்று.

இன்றோடு 1,000 கிலோமீட்டர். முதல் 100-இல் இடது பக்க நட்டு ஒன்று கால் சுற்று இறுகியது. 500-இல் எதுவும் அசையவில்லை. இருபது மூட்டை உரம் ஏற்றி அளந்தேன். முன் விளிம்பும் பின் விளிம்பும் 3 மி.மீ. வேறுபாட்டில் நிற்கின்றன. ஓடைக்கரையில் பம்பர் இப்போது உரசுவதில்லை. நேற்று பெய்த மழைக்குப் பிறகு கரையின் ஈரமண்ணில் டயர்த் தடம் மட்டுமே இருந்தது. சி.வி. ஜாயின்டின் உறைகளை மாதம் ஒருமுறை விளக்கடித்துப் பார்க்க முடிவுசெய்திருக்கிறேன். அடுத்து மலைத்தடம் அண்ணா தன் வண்டியின் ஆர்ம் நீளங்களையும் கடலோரம் தன் தாரின் அளவுகளையும் எழுதினால், இங்கேயே ஒரு பட்டியலாகச் சேர்த்து வைக்கலாம்.